படுத்துக் கிடந்த முள்

எங்கள் பிக்கப் வண்டியின் பெட்ரோல் முள் எழுந்து நின்று நான் பார்த்ததேயில்லை. டேங்க் நிரம்பி வழிந்தாலும் சரி, வறண்டு கிடந்தாலும் சரி, கண்ணாடிக்குள் 'காலி' என்ற இடத்தில், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த சோம்பேறிபோல் அது படுத்தே கிடக்கும்.

உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று அறிய அப்பா வைத்திருந்த கருவி ஒரு பிரம்பு. மளிகைக் கடை வாசலில் கொத்தாகத் தொங்குமே, பிள்ளைகளை மிரட்டவென்றே வீட்டுக்கு வீடு வாங்கி வைப்பார்களே, அதே பிரம்பு. டேங்க் வாய்க்குள் அதை வளைத்து இறக்கி, உருவி எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதென்று வெயிலில் பிடித்துப் பார்ப்பார். எங்கள் வீட்டுப் பிரம்பு என்னை விட்டுவிட்டுப் பெட்ரோல் குடிக்கப் போனதில் எனக்குப் பரம சந்தோஷம்.

அப்பாவுக்குத் தேக்காவில் ரிப்பேர் கடை. நின்றுபோன மின்விசிறி, கத்தும் மிக்ஸி, ஊமை ரேடியோ எல்லாம் அவர் கை பட்டால் எழுந்துகொள்ளும். பக்கத்துப் பூக்கடை அக்கா விடமாட்டார். "ஊரு ஃபேன் எல்லாம் சுத்த வைக்கிறீங்க, உங்க முள்ளு மட்டும் தூங்குது லா அண்ணே!"

"பழைய வண்டிம்மா. அதுக்கும் ரெஸ்ட் வேணாமா?" என்பார் அப்பா.

அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, கடல்மேல் போகும் பாலத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டு ஜொகூரில் இருந்தார். மாதாகோயில் குடும்பத்துப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டு அவர் போனபோது, அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு பேச்சுமில்லை. இரட்டைப் பின்னலோடு நிற்கும் பள்ளிக்கூடப் படம் ஒன்றில்தான் நான் அத்தையைப் பார்த்திருந்தேன்.

ஒருநாள் எங்கள் தோ பாயோ வீட்டில் தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தார், நெடுநேரம் 'ம்' கொட்டினார், வைத்தார். அத்தை பிள்ளைக்குக் காதுகுத்து. கோயில் மாறினாலும் வழக்கம் மாறவில்லை; தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். "அண்ணன் மடி இல்லேன்னா புள்ளைக்குக் காதே குத்த மாட்டேங்குது உங்க தங்கச்சி" என்றார் அம்மா. அப்பா ஒரு ரேடியோவின் முதுகைத் திறந்து, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதாகோயிலில் பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குமுன் சடங்கு. பின்னால் சீர்த்தட்டுகள்; முன்னால் நாங்கள் மூவர்; அம்மாவின் கைப்பைக்குள் ஒரு ஜோடிக் குட்டித் தோடு. அப்பா பெட்ரோலை வாய்வரை நிரப்பி, பிரம்பை விட்டு, நுனி முதல் பிடிவரை ஈரமாக இருப்பதை அம்மாவிடம் காட்டினார். புக்கிட் பாஞ்சாங் தாண்டி, பாலம் தொடங்கும் உட்லண்ட்ஸ் போய்ச் சேர்ந்தோம்.

இங்கிருந்து பாலம் தாண்டும் வண்டியில் முக்கால் டேங்காவது பெட்ரோல் இருக்கவேண்டும். அக்கரையில் மலிவு விலைக்கு நிரப்பிக்கொண்டு வராதிருக்க வந்த சட்டம். சோதனைச் சாவடியில் இருந்தவர் நம்மாள். மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. குனிந்து முள்ளைப் பார்த்தார். "அண்ணே, மீட்டர் காலியா இருக்கே?"

"டேங்க் ஃபுல்லு தம்பி. மீட்டர்தான் வேலை செய்யாது. இதோ பாருங்க." அப்பா இருக்கைக்கு அடியிலிருந்து பிரம்பை உருவினார்.

அந்த இளைஞர் ஓர் அடி பின்வாங்கியதை நான் பார்த்தேன். அவர் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். "ஐயோ அண்ணே, பிரம்பை எல்லாம் கணக்குல எடுக்க முடியாது. முள்ளு காட்டணும். இன்னைக்கு ஃபைன் போடாம விடுறேன், திரும்பிப் போயிடுங்க."

அப்பா வண்டியைத் திருப்பினார். திருப்பும்போது மெல்ல விசிலடித்தார். எங்களைத் தேற்றுகிறார் என்று நினைத்தேன். "நாம என்ன பண்றது? சட்டம்னா சட்டம்" என்றார்.

"நிப்பாட்டுங்க" என்றார் அம்மா.

முதலில் தென்பட்ட அடுக்குமாடி வீடுகளின் கார்ப்பேட்டையில் அப்பா வண்டியை நிறுத்தினார். எங்கே கோளாறென்று தேடவே ரெண்டு நாளாகும் என்றார். அம்மா பட்டுப்புடவையோடு இறங்கி, சீர்த்தட்டுகளுக்கு நடுவிலிருந்து கருவிப் பெட்டியை இழுத்து அவர் முன்னால் வைத்தார். "எஞ்சின் சூட்டு முள்ளு ஏறுது. அப்ப மீட்டருக்குக் கரண்டு வருதுதானே? வருதுன்னா தப்பு எங்க இருக்கு?"

வாழைப்பழ அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, வெள்ளைச் சட்டையோடு அப்பா வண்டிக்கடியில் நுழைந்தார். என்னை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி, சாவியைத் திருகி, முள்ளைப் பார்க்கச் சொன்னார்கள். சிகரெட்டோடு வேடிக்கை பார்க்க வந்த ஒருவரை அம்மா துரத்திய துரத்தலில், அவர் எதிர்ப் புளோக்குக்கே போய்விட்டார்.

டேங்கிலிருந்து மீட்டருக்கு வரும் ஒயரைக் கழற்றி, அப்பா வண்டியின் இரும்புச் சட்டத்தில் தொடவைத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பிறந்ததிலிருந்து படுத்தே கிடந்த ஒன்று, எவரும் தொடாமல், கண்ணாடிக்குள் எழுந்து, நிமிர்ந்து, 'ஃபுல்' என்ற கோட்டையும் தாண்டி முட்டிக்கொண்டு நின்றதுதான்.

"ஏறிடுச்சு! அப்பா, ஏறிடுச்சு!"

"இப்படியே கட்டிட்டு ஓடிடலாம்" என்றது அடியிலிருந்து குரல். "ஃபுல்லுதானே இருக்கு? பொய் இல்லையே."

அம்மா வண்டியின் பக்கப்பலகையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். டேங்குக்குள் பெட்ரோல் அலம்பியது. "முள்ளு ஆடுதா பாப்பா?" ஆடவில்லை. ஆணியடித்ததுபோல் நின்றது. "பாத்தீங்களா? காலியானாலும் இதையேதான் காட்டும். நான் இன்னைக்கு ஒரு நாளைக்குக் கேக்கல. ஒழுங்கா பண்ணுங்க."

நான் இறங்கிக் குனிந்து பார்த்தேன். அப்பா மல்லாந்து கிடந்தார், கண்கள் மூடியிருந்தன. மூடியபடியே கையைத் தலைக்குப் பின்னால் நீட்டி, டேங்குக்கும் சட்டத்துக்கும் நடுவே இருட்டுக்குள் விட்டார். தடவவில்லை, துழாவவில்லை. கறுப்பு ஒயர் ஒன்றின் முனை கையோடு வந்தது, துருவேறி, சிவந்த மாவாக உதிர்ந்தபடி. இரும்புக்குள்ளும் பார்க்கும் ஒரு மனிதருக்கு மகளாகப் பிறந்திருக்கிறேன்!

அவர் துருவைச் சுரண்டிப் பளபளப்பாக்கினார், முதலில் கழற்றியதை மாட்டினார், கறுப்பு ஒயரைச் சட்டத்தில் முறுக்கித் திருகினார். அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பத்து நிமிஷ வேலை" என்றார். "இத்தனை வருஷமா பாலம் தாண்டாம..." அதோடு நிறுத்திவிட்டு, என் பாவாடையில் இல்லாத தூசியைத் தட்டத் தொடங்கினார்.

மறுபடி சாவி. இம்முறை முள் முட்டவில்லை. ஏறி, 'ஃபுல்' கோட்டின்மேல் வந்து நின்றது. அம்மா வண்டியை ஆட்டினார். முள்ளும் ஆடியது! டேங்குக்குள் ஒரு மிதவை மிதக்கிறது, அதன் கை ஏறி இறங்குவதை ஒயர் வந்து இங்கே சொல்கிறது என்று அப்பா எனக்கு விளக்கினார். பார்க்க முடியாத இருட்டில், அத்தனை வருடமும் அது மிதந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அது சொன்னது வெளியே வரவில்லை, அவ்வளவுதான். நான் அந்தச் சின்ன நடுக்கத்தைப் பார்த்தபடியே பாலத்தைத் தாண்டினேன், கடலைப் பார்க்கவில்லை.

கோயில் மண்டபத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். படத்துப் பெண்ணைவிடக் குண்டாக இருந்த அத்தை, வாசலுக்கு வந்து, பேசாமல் பிள்ளையை அப்பாவிடம் நீட்டினார். அப்பாவும் பேசாமல் வாங்கினார். மடியில் வைத்துப் பிள்ளையின் தலையைப் பிடித்தபோதுதான் அத்தை வாய் திறந்தார்.

"என்னண்ணே, கையெல்லாம் துரு?"

அப்பா பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். முள் எழுந்த கதை, பிரம்பின் கதை, சிகரெட்காரர் ஓடிய கதை எல்லாவற்றையும் கொட்டினேன். பெருமை தாங்கவில்லை. "அப்பா தேடவே இல்ல அத்தே! கண்ண மூடிக்கிட்டு கைய விட்டாரு, நேரா அந்த ஒயரு! எங்க இருக்குன்னு அவருக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி!"

அம்மா தரையைப் பார்த்தார். அப்பா பிள்ளையின் காதைப் பார்த்தார். அத்தை அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சிரித்தார். சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, விறுவிறுவென்று சமையல்கட்டுப் பக்கம் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.

இவ்வளவு நல்ல கதை சொன்னதற்கு எனக்குப் பாயசம் எடுத்துவரத்தான் போயிருக்கிறார் என்று, இரண்டு கைகளையும் மடியில் விரித்துவைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன்.