எதிர்வீட்டுக் கரையும் இரண்டு கேமராக்களும்

நெசவுக்காகத் தெருவில் நீட்டிய பட்டுப் பாவு நூலிலிருந்து கஞ்சி வாசனை எழுந்தால் கேமரா வாங்கிய காலை ஞாபகம் வரும். பாவுக்குக் காவலாக, சுழலும் கேமரா இரண்டைக் கடைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் மாட்டிக் காட்டினார். ஒன்று அசைவதைத் தானே பின்தொடரும். மற்றது தொலைவை அருகே இழுக்கும். இழுப்பதை எதிர்வீட்டு ஜன்னலுக்குத் திருப்பினேன். தீபாவளிக்காக அந்த வீட்டு அக்கா யாருக்கும் காட்டாமல் நெய்துவந்த புதுச் சேலைக் கரை, என் செல்போனில்! நானும் சேலை நெய்கிறவன்தானே.

கேமரா தன் பக்கம் திரும்பியதைப் பார்த்து அக்கா பாய்ந்து வந்தார். “இன்னா தம்பி, பாவுக்குக் காவலா, இல்ல என் டிசைன வேவு பாத்துகினு கீதா?”

மனைவி சிரித்தபடி, பின்தொடரும் கேமராவையே வாங்கச் சொன்னாள். அது திரும்பிப் போன அக்காவை அவர் வாசல்வரை தொடர்ந்து, பிறகு பாவின் பக்கம் திரும்பிக்கொண்டது. நான் மட்டும் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலைச் சாத்தும்போது அக்கா சொன்னார்: “கேமராவே திரும்பிக்கிச்சி, நீங்களும் திரும்பிக்கங்க தம்பி!”