தலைவருக்கு ஒரு பழுது

விருதுநகர் இஞ்சினியர் சங்கத்துக்குத் தலைவராக வருகிறவர், நாற்காலியில் உட்காருமுன் மன்றத்தில் பழுதாகிக் கிடக்கிற ஏதாவது ஒன்றைத் தன் கையால் சரிசெய்ய வேண்டும். சங்கத்தை ஆரம்பித்த பெரியவர், திறப்பு விழா அன்று நின்றுபோன சுவர்க் கடிகாரத்தை ஓடவிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாராம். அன்று பிடித்த வழக்கம். பருத்தி ஆலை இஞ்சினியர்களும் எண்ணெய் ஆலைக்காரர்களும் சிவகாசி அச்சாபீஸ்காரர்களும் சேர்ந்திருந்த சங்கம் அது. வேறு எதற்கு அடித்துக்கொண்டாலும் இந்த வழக்கத்தில் மட்டும் ஒருத்தரும் கை வைக்க மாட்டார்கள்.

சரி, வருடா வருடம் அந்த நாள் பார்த்து ஏதாவது ஒன்று எப்படிப் பழுதாகும்? அத்தனை படித்த மனிதர்களில் ஒருத்தருக்காவது இது தோன்ற வேண்டுமே. தோன்றவில்லை.

பழுதாக்குகிறவள் ராமுத்தாய். மன்றத்தைப் பெருக்கித் துடைத்து, வருகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து, பின்கட்டில் ஒற்றை அறையில் குடியிருப்பவள். அவளுக்கு முன்னால் அவள் புருசன் இருளாண்டிதான் அங்கே காவல். சாகக் கிடந்தபோது அவன் அவளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. தன்னைப் போலவே அவளும் பதவியேற்புக்கு முந்தின நாள் எதையாவது கழற்றி வைத்துவிட வேண்டும். பெரிய மனிதர்கள் நாலு பேர் முன்னால் வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

ராமுத்தாய் அதை ஒழுங்காகச் செய்தாள். ஆளைப் பார்த்து அளவாகப் பழுதாக்குவாள். தொந்தி பெருத்தவருக்கு ஏணி ஏறுகிற வேலை வைக்க மாட்டாள்; அடிபம்பில் வாசரை உருவி வைப்பாள். கண் மங்கினவருக்குக் கடிகாரம் கிடையாது, ஜன்னல் கொக்கிதான். சங்கரபாண்டியன் தலைவரான வருடம் மின்விசிறி. அதைத் தான் சுற்றவிட்ட கதையை அந்த மனிதர் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மன்றத்திலும் அதைச் சொல்லக் கேட்கிறபோதெல்லாம் ராமுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அறுபத்தொன்றாம் வருடம் சண்முகவேல் தலைவராகத் தேர்வானார். சிவகாசியில் அச்சு இயந்திரங்களைப் பூட்டிக் கொடுக்கிற கம்பெனிக்காரர். ஒரு திருகாணி இடம் மாறினாலும் முகம் கடுத்துப் போகிற ஆள். அவர் ஒன்றைக் கவனித்துவிட்டார். வருடா வருடம் விசேச நாளில் மன்றத்தில் ஏதாவது ஒன்று கெட்டுக் கிடக்கிறது, ஆகவே காவல்காரி சரியில்லை. அவளை மன்றத்துக்குக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"நான் பதவி ஏத்துக்கிடுற அன்னிக்கு ஒரு சாமான் பழுதா இருந்தாலும் நீ வேற எடம் பாத்துக்கிட வேண்டியதுதான்."

ராமுத்தாய்க்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போனால் அறையும் போகும். அச்சங்குளத்தில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டு வாசலில் மூட்டையோடு போய் நிற்க அவளுக்கு மனசில்லை. கழற்றினால் குடியிருப்பு போச்சு, கழற்றாவிட்டால் புருசனுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. யோசித்து யோசித்துப் பார்த்து, இருளாண்டியின் படத்துக்கு முன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டுப் பளபளவென்று துடைத்து வைத்தாள்.

விழா நாள் வந்தது. மாலை போட்டாயிற்று, கைதட்டியாயிற்று. பழுதைக் காணோம். விசிறி சுற்றுகிறது, கடிகாரம் ஓடுகிறது, அடிபம்பு கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. இஞ்சினியர்கள் நாற்காலிகளைக் குப்புறப் போட்டுக் கால்களை ஆட்டிப் பார்த்தார்கள். பின்னால் கறிச்சோறு மணக்கிறது. பழுதில்லாவிட்டால் சும்மா உட்கார்ந்தால் என்ன என்று சண்முகவேல் கேட்டார். பெரியவர் காலத்து வழக்கம், கூடவே கூடாது என்றார் சங்கரபாண்டியன். ஒரு கண்ணாடித் தம்ளரைப் போட்டு உடைத்துவிடலாமா என்று செயலாளர் வெள்ளைத்துரை மெல்ல இழுத்தார். சங்கரபாண்டியனுக்குக் கோபம் வந்துவிட்டது. பழுது என்றால் தானாக ஆகியிருக்க வேண்டும், நாமாகச் செய்வது பெரியவருக்குச் செய்கிற துரோகம் என்றார். ராமுத்தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

சண்முகவேலுக்கு வேர்த்துக் கொட்டியது. கழுத்து மாலையோடு அவளிடம் வந்தார்.

"ஏத்தா, வருசா வருசம் என்னமாச்சும் கெட்டுக் கெடக்குமே. இந்த வருசம் ஒண்ணுகூட இல்லையா?"

"வேற எடம் பாத்துக்கிடச் சொன்னீகளே அண்ணாச்சி. அதான் ஒண்ணையும் கழட்டாம விட்டுட்டேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்னாலேயே வந்திருந்த சங்கரபாண்டியனுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் என் விசிறி என்று கேட்டார். ஒயரை லேசாக உருவிவிட்டதாகவும், அவருக்கு ஷாக் அடித்துவிடக் கூடாதென்று அவர் கை வைத்து முடிக்கிற வரை மெயினை அணைத்து வைத்ததாகவும் ராமுத்தாய் தரையைப் பார்த்துச் சொன்னாள். பழைய தலைவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. வெள்ளைத்துரை மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிப்போனார்.

இனி இங்கே நமக்கு இடமில்லை என்று ராமுத்தாய் முடிவு கட்டிவிட்டாள். சாமான்களைக் கட்டப் பின்கட்டுக்குப் போனாள். அறைக் கதவை இரண்டு கையாலும் அலாக்காகத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். சமாதானம் சொல்லப் பின்னாலேயே வந்த சண்முகவேல் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தக் கதவு எப்பலேர்ந்து இப்பிடி இருக்கு?"

"அவுக இருந்த காலத்துலயே கீல் ஒடஞ்சு போச்சு அண்ணாச்சி."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சங்கத்துச் சாமானைத்தானே நீங்க பாப்பீக. இது என் கதவுல்ல."

ஊர் இயந்திரத்தையெல்லாம் ஓடவைக்கிற சங்கம், தன் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை கதவைத் தூக்கி வைத்துப் படுத்ததைப் பார்க்கவில்லை. சண்முகவேலுக்கு வெட்கமாகப் போயிற்று. மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கடைத்தெருவுக்குக் கீல் வாங்க ஆள் அனுப்பினார். இதை நீ கழட்டலையே என்று சங்கரபாண்டியன் சந்தேகமாகக் கேட்டார். சத்தியமாக இல்லை என்று அவள் தன் தலையில் கை வைத்துச் சொன்ன பிறகுதான் கதவைத் தாங்கிப் பிடிக்க வந்தார். தலைவர் திருகாணி முடுக்கினார். கதவு சத்தமில்லாமல் மூடியது. ராமுத்தாய் அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, அழுதுகொண்டே சிரித்தாள்.

சண்முகவேல் நாற்காலியில் உட்கார்ந்தபோது கறிச்சோறு ஆறிப்போயிருந்தது. தலைவராக அவர் சொன்ன முதல் வார்த்தை, ராமுத்தாய் வேறு இடம் பார்க்க வேண்டாம் என்பதுதான்.

மறு வருடம் வெள்ளைத்துரை தலைவரானார். விழாவுக்கு முந்தின நாளே நைசாகப் பின்கட்டுக்கு வந்து, தனக்கு என்ன பழுது வைத்திருக்கிறாள் என்று ராமுத்தாயிடம் ரகசியமாகக் கேட்டார்.

"நான் எதுக்கு அண்ணாச்சி கழட்டணும்? ஓடு ஒழுகுது, அடுப்பங்கரையில தண்ணி தேங்குது, ஜன்னல் அடைபட மாட்டேங்குது. நீங்க ஓட்டை மட்டும் பாருங்க. மிச்சம் இன்னும் ஏழெட்டுத் தலைவருக்குத் தாங்கும்."