ஏரிக்கரைமேல் போன கோடு

நம்ப மனமில்லாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. நடந்தது ஆதிநாராயணனுக்கு. சென்னையில் சட்டப் பேராசிரியர். கண்ணால் பார்த்தேன் என்பவரையே குறுக்கு விசாரணை செய்து திணறடிக்கிற ஆள்.

ஆந்திரா தனி மாநிலமான பிறகு, எல்லையோர ஊர்கள் யாருக்கு என்று தீர்ப்புச் சொல்ல சட்ட அறிஞர்கள் மூவரை மன்றமாக உட்கார வைத்தார்கள். அவர் அதில் ஒருவர். அன்று வரதய்யபாளையத்துச் சத்திரத்தில் விசாரணை. ஊரே முறைத்துக்கொண்டு நின்றது. ஒருவரும் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

மத்தியானம் மற்ற இருவரும் சாப்பிடப் போனார்கள். இவர் மட்டும் வரைபடத்தின்மேல் குனிந்திருந்தார். எல்லைக்கோடு சரியாக ஏரிக்கரைமேல் போனது.

சொட்... சொட்...

நிமிர்ந்தார். எதிரே ஒரு பெண். வெளியே வெயில் கொளுத்தியது. அவள் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சேற்று நாற்றம்.

"நா எந்தப் பக்கம்?"

"வீடு எங்கம்மா?"

"ஏரிக்கரை."

"அங்க யாரும் குடியில்லையே?"

"நா கீறேன்."

மேசையை ஒட்டி வந்தாள். கண் இமைக்கவே இல்லை.

"மூணு பேரும் பேசிக்கினே கீறீங்க... நா வெயில்ல கெடக்கறேன். சொல்லு. எந்தப் பக்கம்?"

எழப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்தாள்.

ஜில்லென்று... எலும்புவரை...

"சொல்லு!"

கையை உதறி இழுத்தார்.

"யார்கிட்ட சார் பேசறீங்க?"

வாசலில் சக உறுப்பினர் கோவர்த்தனன். எதிரே யாருமில்லை. தரை மட்டும் ஈரம்.

இவர் நடந்ததைச் சொன்னார். கோவர்த்தனன் முகம் வெளுத்தது. "ஏரியில விழுந்த ஒரு பொம்பளையோட பொணம் கரையில கிடக்காம். ரெண்டு மாநிலப் போலீசும் எங்க லிமிட் இல்லன்னு ஒதுங்கிட்டாங்களாம். விசாரணை முடியாம எரிக்கவும் விடலையாம்."

ஆதிநாராயணன் ஏரிக்கு ஓடினார். கரையில் ஒரு பாய். பக்கத்தில் அவள் புருஷன் முனிசாமி. இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள்.

"எடுத்துட்டுப் போப்பா. கேக்கறவங்க என்னைக் கேக்கட்டும்."

முனிசாமி அவரை வெறுப்போடு பார்த்தான். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

பாயை விலக்கினான். அவளேதான்.

"முந்தாநேத்துலேர்ந்து இங்கியேதான் கெடக்கறா. யாரும் தொடல..." என்றவன், பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான்.

அவள் உள்ளங்கால்களில், தெருப் புழுதி ஈரத்தோடு அப்பியிருந்தது.