லீவுக்குக் காத்திருந்த கடைகள்

மண்சரிவு என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை மூடிவிட்டுப் போவது என்றுதான் கேட்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் முக்கில் மலை அப்படி அவசரப்படவில்லை. மழைக்கு மழை, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று வருஷம் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தது. யோசிக்க எங்களுக்கு வேண்டிய நேரம் கொடுத்தது. நாங்களும் யோசித்துக்கொண்டே இருந்தோம்.

வெள்ளறடைப் பக்கம், மாநில எல்லையை ஒட்டிய முக்கு அது. மலையடியில் ஒரே வரிசையாகக் கடைகள். முதலில் பலசரக்கு, பிறகு தையல், சைக்கிள், முடிவெட்டு, கடைசியில் சாயாக்கடை. சாயாக்கடையை நடத்தியது ஒரு அக்கா. கணவர் இறந்த பிறகு இரண்டு பெண் பிள்ளைகளை ஒரு வெந்நீர்ச் சமோவாரை வைத்தே வளர்த்தாள். மலை முதலில் தொட்டதும் அவள் கடையைத்தான். காலையில் கதவு திறந்தால் பின்சுவரின் அடியில் ஈரச் செம்மண் பிதுங்கி நிற்கும். அதை மண்வெட்டியால் வழித்து வெளியே தள்ளிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். "இன்னைக்கும் விருந்தாளி வந்திருக்கு மக்களே" என்பாள் என்னைப் பார்த்தால். முதல் வருஷம் சிரித்துக்கொண்டு சொன்னாள். அப்புறம் சும்மா சொன்னாள்.

மலைக்கு ஏன் அந்தக் கேடு வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, உழுதவனுக்கே நிலம் என்று சட்டம் வந்தபோது, சாலைக்கு இந்தப் பக்கம் வயலோரமாக இருந்த வயக்கரை என் மாமனாருக்குக் கிடைத்தது. அதே சட்டத்தில் ரப்பர் தோட்டத்துக்கு உச்சவரம்பு இல்லை என்று இருந்தது. மலைக்குச் சொந்தக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பலாவும் அயனியும் நின்ற மலையை வழித்தெடுத்து, அவசர அவசரமாகக் குழி தோண்டி ரப்பர் வைத்தார்கள். குழியில் தேங்கிய தண்ணீரெல்லாம் மலைக்குள்ளே இறங்கிற்று. ஒரே சட்டம்தான் கீழே எங்களுக்கு மண்ணைக் கொடுத்தது, மேலே மலையை மொட்டையடித்தது. இதில் யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திட்டாமலும் இருந்ததில்லை.

கடைகளை மாற்றுவதென்று வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். ஒரு கூட்டம் அல்ல. ஞாயிறு ஆராதனை முடிந்தால் கூட்டம், கோயில் கொடை முடிந்தால் கூட்டம். தலைமை எப்போதும் பலசரக்குக் கடை அண்ணாச்சிதான். நல்ல மனிதர், ஆனால் எதையும் முறைப்படி செய்ய வேண்டும் அவருக்கு. முறை தப்பினால் சோறு இறங்காது. கடைசியில் முக்குக்கு எதிரே, சாலையைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கமாகவே சமநிலம் என்று இருந்தது எங்கள் வயக்கரையில் மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த விளை ஒன்றுதான் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு இத்தனை கூட்டம் தேவைப்பட்டது.

மாமனார் அதற்குள் இறந்துபோயிருந்தார். நிலம் என் கணவர் பேரில். அவர் வளைகுடாவில். என் மாமியாரும் நானும் கைக்குழந்தையும்தான் வீட்டில். அண்ணாச்சி வந்து கேட்டபோது நான் மறுக்கவில்லை. அந்த வருஷ மரச்சீனியை முற்றுவதற்கு முன்பே பிடுங்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு வருத்தம். கணவரிடம் கேட்டு ஒரு காசெட்டில் பேசி அனுப்பினேன். அவரும் காசெட்டிலேயே பதில் அனுப்பினார். அதை வாசகசாலையில் வைத்துப் போட்டார்கள். "கடைய அங்க போட்டுக்கிடட்டு, எனக்கு சம்மதமாக்கும்" என்று அவர் குரல் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கு அடுத்து அவர் எனக்கென்று பேசியிருந்ததையும் கூட்டம் கேட்கப் பார்த்தது. நான் ஓடிப்போய் நிறுத்தினேன்.

வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழைக்கு முன்னால் கொட்டகைகள் தயாராகிவிட்டன. தென்னந்தடியில் தூண், மேலே ஓலை. ஆளுக்கொரு வேலை பார்த்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். சாமான்களைத் தூக்கிச் சாலையைத் தாண்டினால் போதும். ஒரு பகல் வேலை.

அங்கேதான் பால் காய்ச்சு வந்து நின்றது. புது இடத்தில் பால் காய்ச்சாமல் யாரும் குடியேற மாட்டார்கள், கடையானாலும் வீடானாலும். காய்ச்சலாம், ஆனால் எப்படி? குத்துவிளக்கு ஏற்றி என்றது பாதிப் பேர். உபதேசியார் ஜெபம் செய்து என்றது மீதிப் பேர். இரண்டையும் செய்யலாமே என்றால், எது முதலில் என்று அடுத்த சண்டை. அதற்கும் கூட்டங்கள் நடந்தன. கடைசியில் அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். விளக்கும் வேண்டாம், ஜெபமும் வேண்டாம், இடத்துக்காரன் வந்து சாயாக்கடை அடுப்பில் முதல் பாலை வைக்கட்டும், மற்றதை அவரவர் கடைக்குள்ளே செய்துகொள்ளட்டும். எல்லோரும் நிம்மதியாக ஒத்துக்கொண்டார்கள். என் கணவருக்கு அடுத்த மாதம் லீவு வருகிறது என்று காசெட்டில் கேட்டிருந்தார்களே.

அடுத்த மாதம் லீவு கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த மாதமும் இல்லை. பாஸ்போர்ட் முதலாளி கையில் இருந்தது. அவர் கொடுத்தால் வரலாம். இதை நான் ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்பவில்லை. இங்கே அவர் வளைகுடாக்காரர், பெரிய ஆள். அங்கே அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார் என்பது யார் தலையிலும் ஏறவில்லை.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கிணற்றடியில், ரேஷன் கடையில், சபை வாசலில், பஸ்ஸுக்குள், எங்கே தலையைக் காட்டினாலும் ஒரே கேள்வி. "மாப்ள எப்பம் வாறாரு?" அவரைப் பார்க்காமல் இரண்டு வருஷமாக இருந்தது நான். குழந்தை அப்பாவைப் பார்த்ததே இல்லை. என்னைவிட ஊருக்கு அவசரம். முடிவெட்டுகிறவர் ஒருநாள் கேட்டார், "அறபிகிட்ட ஒரு வார்த்த பறஞ்சு பாக்கப்பிடாதா?" என்று. அறபி முதலாளி என்னவோ பெருங்கடவிளைச் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுவருகிற ஆள் மாதிரி. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் தெம்பில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. அக்காவின் பின்சுவர் வயிறு தள்ளி நின்றது. முட்டுக்கொடுத்த மரம் வளைந்தது. நான் அண்ணாச்சியிடம் போய், "முதல்ல சாமானத்த மாத்துங்க. பால அவிய வந்தப் பிறவு காச்சலாம்" என்றேன்.

"நீ சொன்னா போதுமா மக்களே? இடத்துக்காரன் வரணும்லா. ஒருபாடு கூட்டம் போட்டுப் பேசி முடிச்ச காரியமாக்கும். இனி அதத் தொட்டா எது முதல்லன்னு பழைய அடிதான்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஒரு காலையில் அக்கா என் வாசலில் வந்து நின்றாள். தலையில் சமோவார், மழை அதன்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு பெண்களும் கிளாஸ் கூடையும் பலகையுமாக.

"மக்களே, ராத்திரி முழுக்க சுவரு முனகிச்சு. எனக்க பிள்ளையள உள்ள வச்சிட்டு நான் இனி ஆருக்க லீவுக்கும் காத்திருக்க மாட்டேன். நீ வந்து அடுப்ப பத்த வையி."

"நானா அக்கா?"

"பின்ன? உனக்க விளையில்லியா?"

எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கொட்டகைக்குப் போனேன். விறகு ஈரம், புகை கண்ணை எரித்தது. நான் எனக்குத் தெரிந்த சின்ன ஜெபத்தை வாய்க்குள் சொன்னேன். அக்கா கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். எது முதலில் என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. பால் பொங்கியது.

ஆண்கள் கோபமாக வந்தார்கள். முறை கெட்டுவிட்டது என்றார்கள். வெளியே மழை, உள்ளே சாயா சூடாக இருந்தது. குடித்துக்கொண்டே கோபப்பட்டார்கள். ஆனால் மற்ற கடைகள் அசையவில்லை. "அவ பெண்ணு, விவரமில்லாம செய்தா. நாம முறையா போவோம்" என்று அண்ணாச்சி சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

அதன்பின் ஒரு வாரம்கூட இருக்காது. மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கூச்சல் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் மலை சாலைக்கு வந்துகொண்டிருந்தது. குழைந்த செம்மண், ரப்பர் மரங்களை நிற்கவைத்தபடியே சுமந்துகொண்டு, அவ்வளவு மெதுவாக. அதற்கு முன்னால் நடந்தே தப்பிக்கலாம், அப்படித்தான் எல்லோரும் தப்பினார்கள். தையல் மிஷினை நாலு பேராகத் தூக்கிவந்தார்கள். சைக்கிள்கள் பாதி வந்தன. சாயாக்கடை இருந்த இடம்தான் முதலில் போயிற்று, சுவர் சத்தமில்லாமல் மடிந்தது. பிறகு மண் ஒவ்வொரு கடைக்கும் பின்வாசலால் நுழைந்து முன்வாசலால் வந்து சாலையோரத்தில் நின்றது. அரிசியும் மிளகும் அண்ணாச்சியின் வாழ்நாளும் அதற்குள். அவர் கையில் தராசு மட்டும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றார்.

அக்காதான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். "வாருங்க அண்ணாச்சி, இரியுங்க" என்று பலகையில் உட்காரவைத்து சாயா கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. கிளாஸைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவர்மேல் வைத்திருந்த கோபத்தை வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று. அதுவும் ஒரு களைப்புதான்.

மறுநாள் மீதமிருந்ததை வைத்துக்கொண்டு எல்லோரும் கொட்டகைகளுக்கு வந்தார்கள். யாரும் பால் காய்ச்சவில்லை.

ஓணத்துக்குப் பிறகு என் கணவர் வந்தார். இளைத்திருந்தார். குழந்தை அவரைக் கண்டு அழுதது. வந்த மூன்றாம் நாள் அண்ணாச்சியும் மற்றவர்களும் வந்து நின்றார்கள். ஒரு நல்ல காலை பார்த்து முறைப்படி பால் காய்ச்சி விடலாம், அதற்கு அக்கா அடுப்பை அணைத்துச் சமோவாரை ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் போதும் என்றார்கள். எல்லாம் போன பிறகும் அந்த மனிதரிடம் முறை மட்டும் மிஞ்சியிருந்தது.

குறித்த நாள் காலையில் அக்கா சமோவாரைத் தூக்கப் போனாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் கணவர் அவள் கையைத் தடுத்தார். "அக்கா, அத அங்கயே வையுங்க. எனக்கொரு சாயா தாங்க" என்றார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "அங்க நான் கல்லு சொமக்கேன் அண்ணாச்சி. எனக்க லீவு எப்பம்னு எனக்கே தெரியாது. அத நம்பியா மலைக்கு அடியில இருந்திய?" என்றார்.

வந்தவர்கள் பலகையில் உட்கார்ந்தார்கள். சாயா குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

அவர் திரும்பிப் போன நாள். பனச்சமூட்டிலிருந்து பஸ் வந்து நின்றது. நானும் குழந்தையும் சாயாக்கடை முன்னால் நிற்கிறோம். அண்ணாச்சி பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஓலய மாத்தி ஓடு போடணும்னு ஒரு யோசன உண்டு. அஸ்திவாரக் கல்லு இடணும். இனி எப்பம் லீவு?"

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் கடைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"கல்லு இடுறதுக்கு ஆளு தேடுறியளா? இன்னா நிக்கா விளைக்காரி, எல்லா நாளும் இங்கதான் நிக்கா."

பஸ் போய்விட்டது. கல்லை அடுத்த வெயில்காலத்தில் நான்தான் வைத்தேன். யாரும் கைதட்டவில்லை. மேகம் கறுத்து மழை வரும்போல இருந்தது, சாந்து நனைவதற்குள் மூட வேண்டும் என்று எல்லோரும் சாக்குப் பை தேடி ஓடினார்கள்.