மழித்த முகம்

நுரை பூசிய அடிவயிற்றின் மேல் சவரக்கத்தியை நர்ஸ் சபாபதியின் கைகள் பதமாக இழுத்தன. குடலிறக்க ஆபரேஷனுக்குப் போகவிருந்த எஸ்டேட் தொழிலாளி இசக்கிமுத்து, அவன் முகத்தையே சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க தம்பி, நேத்து தாடி இருந்துதே! கொழந்தை பொறந்துருச்சுங்களா? முட்டாய் எங்கீங்க?”

சபாபதியின் மனைவி தனபாக்கியத்துக்கு எட்டாம் மாதம். பிள்ளை பிறக்கும்வரை கணவன் சவரம் செய்வதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தாடியில் கிருமி தங்கும், ஆண்கள் மழித்துத்தான் வர வேண்டும் என்று காலையில் மேட்ரன் கண்டித்துவிட்டார். வளைகாப்பு முடிந்து வந்த நர்ஸ் வேணியின் கை நிறைந்த கண்ணாடி வளையல்களை மட்டும், சம்பிரதாயம் என்று அவரே விட்டுவைத்திருந்தார். அது என்ன நியாயம் என்று கேட்க சபாபதிக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக் குளியலறையிலேயே மழித்துக்கொண்டு வந்துவிட்டான்.

“இன்னும் பொறக்கலீங்க. எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன்.”

“ஊட்டுல ஒண்ணும் சொல்லலீங்களா?”

“இனித்தானுங்க பார்ப்பா.”

இசக்கிமுத்துவின் சிரிப்பு நின்றது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவன் காது மடல்கள் சுட்டன.

மிச்ச நுரையை ஈரத்துணியால் துடைத்தான். ஒரு மயிர்கூட மிஞ்சவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய், தலையை நிமிர்த்தாமலே, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஆளை ஒப்படைத்தான்.