ஒரு பக்கம் வலி!

போன வருஷம் ஆனி மாதம். வளைகுடாவிலிருந்து நாற்பது நாள் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். எனக்குத் தேங்காய்ப்பட்டணம் பக்கம். சம்பவம் நடந்ததோ கன்னியாகுமரி மாவட்டத்தின் அந்தக் கோடியில், ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்றாலைகள் நிற்கும் ஒரு பொட்டலில். அன்றைக்கு என்னதான் நடந்தது என்று யாராவது கேட்டால் இன்றுவரை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடிவதில்லை. எழுதினாலாவது எனக்கே புரிகிறதா பார்ப்போம்.

எனக்கு விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் பைத்தியம் உண்டு. நான் வேலை பார்க்கும் ஊரில் அதற்கென்றே மைதானம் இருக்கிறது. விடுமுறை நாளில் அறைக்காரர்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில், நான் பதிமூன்றாயிரம் அடி உயரத்தில் விமானக் கதவோரம் நிற்பேன். முதலில் உயிர்ப்பயம் இருந்தது, அப்புறம் பழக்கமானது, அதற்கப்புறம் திமிராகிவிட்டது. இது அந்தத் திமிர்க் காலத்துக் கதை. முந்நூறு முறை குதித்திருந்தேன். அம்மா மட்டும் போனில், "மக்கா, நீ இப்பளும் சாடுதியா?" என்று கேட்பாள். எங்கள் பக்கம் குதிப்பதைச் சாடுவது என்போம். "இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன்.

என் அலுவலகத்தில் திருச்சிக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். நான் குதித்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அவளும் பயிற்சியில் சேர்ந்து, அறுபது முறை குதித்துவிட்டாள். என் வாயில் தப்பித் தவறி "சாடுறது" என்று வந்துவிட்டால், "யாரைண்ணா சாடப் போறீங்க?" என்று கலாய்ப்பாள். அதனாலேயே அவளிடமும் அவள் கணவனிடமும் நான் டி.வி. செய்தி வாசிப்பவர் மாதிரி பொதுத் தமிழில்தான் பேசுவேன். எங்கள் கடற்கரைப் பேச்சை அவர்கள் முன்னால் எடுப்பதே இல்லை.

அவளுக்கு அப்போது ஒரே ஆசை, சொந்தமாக ஒரு பாராசூட். பாராசூட்டின் துணிக்குச் சதுர அடியில் அளவு உண்டு. துணி பெரிதாக இருந்தால் மெதுவாக, சாதுவாக இறக்கிவிடும். சிறிதானால் வேகம். அவள் இருநூற்றுப் பத்தில் பறந்துகொண்டிருந்தாள். அடுத்தது நூற்றுத் தொண்ணூறுதான், அதுவும் நினைத்த இடத்தில் இறங்கவும், தரைக்குப் பக்கத்தில் உயரம் இழக்காமல் மெல்லத் திரும்பவும் நன்றாகப் பழகிய பிறகுதான் என்று அவளுடைய பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் பெரிய மேதாவி இல்லையா? "நீ ஒல்லிக்குச்சி. உன் எடைக்கு நூற்றைம்பதே தாராளம். நான் அதைவிடச் சிறியதற்கு மாறிவிட்டேன். என்னுடைய பழையது சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொள்" என்று ஆசை காட்டினேன். என் கணக்கு பாதிதான் சரி. எடைக்குத் தகுந்த துணி வேண்டும் என்பது உண்மை. ஆனால் துணி சிறிதாகும்போது கயிறுகளும் குட்டையாகிவிடும். யார் மாட்டிக்கொண்டாலும், கை லேசாக அசைந்தாலே அது வெடுக்கென்று திரும்பித் தரையைப் பார்த்து இறங்கும். ஒல்லிக்குச்சிக்கென்று அது தனிச் சலுகை எதுவும் தராது. இதெல்லாம் எனக்கும் சொல்லிக்கொடுத்ததுதான், மண்டையில் ஏறவில்லை.

அதே சமயத்தில் அவளும் கணவனோடு விடுப்பில் வந்திருந்தாள். இருவரும் கன்னியாகுமரி பார்க்க வந்தார்கள். எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி நான் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தேன். விமானமே வேண்டாம், ஆரல்வாய்மொழியில் தரையில் நின்றபடியே துணியைக் காற்றில் எழுப்பிப் பழகலாம் என்று சொல்லியிருந்தேன். அப்படித் தரையில் பழகுவது நல்ல பயிற்சிதான். காற்று அளவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதால் காலை ஆறு மணிக்கே போய்விட வேண்டும் என்பது திட்டம். நாகர்கோவிலில் ரசவடையைக் காட்டி நானே நேரத்தைக் கெடுத்தேன். பொட்டலுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. காற்றின் வேகத்தை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. நிமிர்ந்து காற்றாலைகளைப் பார்த்தேன். இறக்கைகள் ஆடி அசைந்து சுற்றிக்கொண்டிருந்தன. "பார், சாவகாசமாகத்தான் சுற்றுகிறது. பயப்படாதே" என்றேன். அத்தனை பெரிய இறக்கை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு மெதுவாகத்தான் தெரியும். பிறந்ததிலிருந்து அந்த வழியாகப் பஸ்ஸில் போய் வருகிற எனக்கு அது தோன்றவில்லை.

தோளிலும் தொடையிலும் மாட்டும் பழைய பயிற்சிப் பட்டையை அவளுக்குப் போட்டு, ஊருக்குக் கொண்டுவந்திருந்த அந்த நூற்றைம்பதை அதில் இணைத்துவிட்டேன். நிஜமாகக் குதிக்கும்போது போடும் பட்டையில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை இழுத்தால் துணி நம்மைவிட்டுக் கழன்று போய்விடும். இந்தப் பழைய பட்டையில் அது கிடையாது. தரையில்தானே நிற்கப் போகிறாள் என்று விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு தடவை அழகாக எழுப்பினாள். துணி அவள் தலைக்கு மேலே வந்து நின்றது. கணவன் கைதட்டி வீடியோ எடுத்தான். எனக்கும் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது தடவை துணி எழும்பிய அதே நேரத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது பாருங்கள், அவள் கால் இரண்டும் தரையைவிட்டுப் போயின. தோள்பட்டை அடிபடக் கீழே விழுந்தாள். துணி அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடியது. நேர் எதிரே ஒரு பிச்சிப்பூத் தோட்டம். அதைச் சுற்றி முள்கம்பி வேலி.

இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கைக்கு ஒன்றாக இரண்டு கயிறு இருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் விடாமல் தன்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். துணி ஒரு பக்கமாகச் சரிந்து, காற்று போய் விழுந்துவிடும். அவளோ இரண்டையும் சேர்த்து இழுத்துப் பிடித்திருந்தாள். வானத்திலிருந்து இறங்கும்போது கடைசியில் அப்படித்தான் செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாவம், பயத்தில் கை அதைத்தான் செய்தது. இங்கே அப்படிச் செய்தால் துணி இன்னும் புடைத்துக்கொண்டு இழுக்கும்.

நான் தலைதெறிக்க ஓடினேன். செய்தித் தமிழெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அடித்தொண்டையிலிருந்து எங்கள் கடற்கரைப் பேச்சுதான் வந்தது. "ஒரு பக்கம் வலி! ஏட்டி, ஒரு பக்கம் வலி!" என்று கத்தினேன். எங்கள் ஊரில் கரமடி வலையை இழுப்பதை வலிப்பது என்றுதான் சொல்வோம். கயிறு என்றால் வலிக்க வேண்டும். எனக்கு அந்த நொடியில் வேறு வார்த்தையே கிடையாது.

மண்ணில் இழுபட்டுக்கொண்டே அவள் பதில் சொன்னாள். "இல்லண்ணா! வலிக்கல!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வலிக்கல" என்றால் எங்கள் பக்கம் இழுக்கவில்லை என்றும் ஆகும். இழுக்க மாட்டேன் என்கிறாளா, முடியவில்லை என்கிறாளா? "வலி மோளே, வலி!" என்று மறுபடியும் கத்தினேன். "நெஜமா வலிக்கலண்ணா!" என்று மறுபடியும் அவள். நான் சொல்லச் சொல்ல அவள் இல்லை இல்லை என்கிறாள், வேலி பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு நடுவில் அவள் கணவன் செய்ததுதான் இன்னும் விசேஷம். நான் ஓடி மூச்சு முட்டி, நெஞ்சில் கை வைத்தபடி "ஒரு பக்கம் வலி" என்று அலறியதைப் பார்த்து, எனக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டான். பின்னாலேயே ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிப்பிடித்து, "அண்ணா, உக்காருங்க! ஓடாதீங்க! அவள நான் பாத்துக்கறேன்" என்று என்னைத் தரையில் அமுக்கினான். அவன் நல்ல வாட்டசாட்டமான ஆள். நான் திமிற, அவன் அமுக்க, இரண்டு பேருமே அவளிடம் போய்ச் சேரவில்லை. சிரிப்பாக இருக்கிறது இல்லையா? அன்றைக்கு நான் அவன் கையைக் கடித்தே விட்டேன்.

தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா இதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும். திட்டிவாசல் வழியாகக் குனிந்து வெளியே வந்தவர், நேரே துணியைப் பார்த்து ஓடினார். அதன் ஒரு ஓரத்தை மட்டும் எட்டிப் பிடித்து மடமடவென்று தன்பக்கம் சுருட்டினார். துணி சப்பென்று விழுந்தது. அதன்மேல் அப்படியே உட்கார்ந்துகொண்டார். வேலிக்கும் துணிக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்ததும் அந்த அக்கா எங்களைப் பிடி பிடியென்று பிடித்தார். "ஒங்களுக்கெல்லாம் கிறுக்கா புடிச்சிருக்கு? ஆனிக் காத்துல இவ்வளவு பெரிய துணிய விரிச்சிட்டு நிக்கிய! நாங்க ஒரு சேலைய காயப்போடவே ரெண்டு பேரு வேணும். ஒத்த முனைய புடிச்சி உள்ள வலிச்சா அடங்கிரும்லா, இது தெரியாதா?"

"அதத்தான் அக்கா நானும் சொன்னேன். வலி வலின்னு சொன்னேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அப்பம் அந்தப் பிள்ள ஏன் வலிக்கலன்னு சொல்லிச்சி?" என்று கேட்டார் அவர்.  கணவனோ, கடிபட்ட கையைத் தடவிக்கொண்டே, "அண்ணா, இப்ப நெஞ்சு எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டான். அவள் எழுந்து உட்கார்ந்து, தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சிரித்தாள். "ஒண்ணுமில்லண்ணா, லேசா சிராய்ப்புதான். இன்னொரு தடவை எழுப்பிப் பாக்கட்டுமா?" என்றாள்.

அந்த அக்கா துணியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. "அந்தக் கைய பாரு, தூக்கவே இல்ல. கொண்டு போயி டாக்டர்ட்ட காட்டுங்க. அதுவரைக்கும் நான் இதுலருந்து எந்திக்க மாட்டேன்" என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். மண்ணைத் தட்டியதெல்லாம் இடது கையால். வலது கை மடியிலேயே கிடந்தது.

கோட்டாறு பக்கம் ஓர் எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தோரத்து எலும்பு முறிந்திருக்கிறது என்றார். இந்த முறிவோடு சும்மா உட்கார்ந்திருக்கவே முடியாதே, எப்படிச் சிரித்துக்கொண்டு வந்தாய் என்று அவளிடம் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வலி என்றால் எங்கள் ஊரில் இழு என்று அர்த்தம் என்பதை விளக்கினேன். கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "நீங்க வலிக்குதான்னு கேக்கறீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"சரி. வலித்ததா, இல்லையா?"

"விழுந்த உடனே உயிர் போச்சுண்ணா."

"பிறகு ஏன் வலிக்கல என்றாய்?"

வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு சொன்னாள். "வலிக்குதுன்னு சொன்னா, உனக்கு இது சரிப்படாதுன்னு சின்ன பாராசூட்டைத் தரமாட்டீங்கல்ல?"

 முள்கம்பியைப் பார்த்து இழுபட்டுப் போகிறவள், எலும்பு முறிந்த நிலையில், யோசித்தது இதைத்தானா? திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் எந்த வாயால் திட்டுவது? ஏனென்றால் அந்த நூற்றைம்பதில் நான் குதித்த முதல் மாதம், ஒரு நாள் தரைக்கு மிகப் பக்கத்தில் வந்து திருப்பி, குதிகால் நொறுங்குகிற மாதிரி விழுந்தேன். பயிற்சியாளர் ஓடிவந்து வலிக்கிறதா என்று கேட்டார். சிரித்துக்கொண்டே இல்லை என்றேன். இரண்டு வாரம் நொண்டினேன். அறைக்காரர்களிடம் குளியலறையில் வழுக்கிவிட்டதாகச் சொன்னேன். இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த பெஞ்சில் அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அப்ப அது உங்களுக்கும் சரிப்படலையாண்ணா?" என்று கேட்டாள். 

அன்று மாலையே அவளுடைய பயிற்சியாளருக்கு போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், என் குதிகாலையும் சேர்த்து. வாங்கிக் கட்டிக்கொண்டேன். எலும்பு கூடிய பிறகு அவள் பழைய இருநூற்றுப் பத்துக்கே திரும்பினாள். நானும் ஒரு பெரிய துணிக்கு மாறிவிட்டேன். மைதானத்தில் சிலர் கேலி பேசுகிறார்கள், பேசட்டும். கயிற்றைப் பற்றிப் பேசும்போது மறக்காமல் 'இழு' என்கிறேன்.

தீராத குழப்பம் ஒன்று மட்டும் இருக்கிறது. யாராவது தடுமாறி இறங்கினால் ஓடிப்போய், வலிக்குதா என்று கேட்கிறேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே "இல்லை" என்கிறார்கள். அந்தச் சிரிப்பை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல், அவர்கள் எழுந்து நடந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டும்வரை அங்கேயே நிற்கிறேன்.