முப்படைகளும் வட்டைக் கூட்டமும்

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், கல்முனையில் நான் வேலை செய்த அரசாங்கக் கந்தோருக்கு ஒரு கைநூல் வந்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் சேர்ந்து ஒரு காரியத்தைத் திட்டமிடுவது எப்படி, நடத்துவது எப்படி என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. அனர்த்த நிவாரணம் பற்றிய நாலு பக்கத்தைத் தமிழாக்கித் தட்டச்சுச் செய்யும்படி என் மேசையில் வைத்தார்கள். மூன்றாம் பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. அனுப்பியவர் சொல்வதைக் கொண்டு வேலை முடிந்ததாக எடுக்கக் கூடாது, பெற்றவர் சொன்ன பிறகே முடிந்ததாகும் என்று அங்கே ஒரு விதி இருந்தது. அது எங்கள் கந்தோர் மண்டபத்தில் பிறந்த விதி. நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அதற்காக உரிமை கொண்டாடாமல் விடுகிற ஆள் நான் இல்லை.

அந்தப் படை உடுப்புகளைக் கண்டால் எங்கள் பக்கத்தில் கதவைச் சாத்திக்கொள்ளும் காலம் அப்போது வந்திருந்தது. நான் சொல்லப்போவது அதற்கு முந்தியது, எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்த கிழமை.

கரையோரம் முழுக்கத் தென்னை படுத்துக் கிடந்தது. எங்கள் கந்தோரின் அரைவாசிக் கூரை பறந்துவிட்டது. மிச்சக் கூரைக்குக் கீழே நிவாரண வேலை தொடங்கியது. வாப்பா நீர்ப்பாசன வேலையில் அம்பாறைப் பக்கம் இருந்ததால் எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அதனால் தட்டச்சுக்காரி மொழிபெயர்ப்பாளராகவும் ஆனேன். மூன்று படைகளும் வந்தன. தரைப்படை மேஜர் எங்கள் விறாந்தையில் இருந்தார். கடற்படை லெப்டினன்ட் கரையில் கூடாரம் அடித்திருந்தார். விமானப்படை அதிகாரி ஹெலிகொப்டர் இறங்கும் பள்ளிக்கூட மைதானத்தில். ஆளுக்கொரு வானொலிக் கருவி, ஆளுக்கொரு வரைபடம். மேஜரின் படம் கடற்கரையோடு முடிந்துவிடும். லெப்டினன்டின் படத்தில் கடலின் ஆழமெல்லாம் இருக்கும், தரை வெறும் வெள்ளையாகக் கிடக்கும்.

மூவரும் சொல்வதைக் கேட்டுப் பட்டியல் அடிப்பது என் வேலை. தரை, கடல், வான் என்று மூன்று நிரல் போட்டு, உதவி போன ஊருக்கு நேரே சிவப்பு மையால் சரி போடுவேன். அந்தப் பட்டியலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அவ்வளவு நேர்த்தி.

நாலாம் நாள் காலை, இடுப்பில் நனைந்த சாரத்தோடு ஒருவர் என் சன்னலடியில் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். ஆற்றுமுகத்துக்கு அப்பால் மணல் திட்டில் இருந்த மீனவர் குடியிருப்பைச் சேர்ந்தவர். இடையில் கிடந்த கடல்நீர்க் களப்பை நீந்திக் கடந்து வந்திருந்தார். நாற்பது வீட்டுச் சனம் விழுந்த தேங்காயைத் தின்று கிடப்பதாகவும், பிள்ளைகளுக்கு வயிற்றாலே போவதாகவும் சொல்லி, தங்கள் ஊருக்கு எப்போது அரிசி வரும் என்று கேட்டார். சத்தம் போடவில்லை. நான்தான் குரலை உயர்த்தினேன். உங்கள் ஊருக்கு மூன்று முறை போயிருக்கிறதே காக்கா என்று, அண்ணன் முறைச் சொல்லை மட்டும் விடாமல், பட்டியலை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கரையோரத்தில் மூன்று சரியும் விழுந்த ஒரே ஊர் அதுதான்.

அவர் அந்தத் தாளை நிதானமாகப் பார்த்தார்.

“ஒங்கட கடதாசியில நாங்க மூணு தரம் திண்டிரிக்கம் போல, தங்கச்சி.”

எனக்கு முகம் எரிந்தது. அவரை உட்காரச் சொல்லி, இருந்த பிளேன்டீயைக் கொடுத்துவிட்டு மூன்று அதிகாரிகளிடமும் நடந்தேன். மேஜரின் லொறி அரிசியை உடைந்த பாலம் வரைக்கும் கொண்டுபோய் இறக்கியிருந்தது, அங்கிருந்து கடற்படை எடுக்கும் என்ற நம்பிக்கையில். கடற்படைப் படகு ஆற்றுமுகத்தில் புதிதாக விழுந்த மணல்மேட்டைக் கண்டு திரும்பியிருந்தது, ஹெலி போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டதால். ஹெலி மூட்டைகளைப் போட்டது உண்மை. விழுந்த இடம் அடுத்த ஊர் விளையாட்டு மைதானம். அந்த ஊரார் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி ஆக்கித் தின்றுவிட்டார்கள். மூவரும் தங்கள் பங்கு முடிந்தது என்றார்கள். மூவரும் பொய் சொல்லவில்லை. அந்த மூன்று பாதியையும் முழுதென்று எழுதியவள் நான்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் எங்கள் மண்டபத்தில் விவசாயிகளின் ஆரம்பக் கூட்டம் நடக்கும். வட்டை என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொரு வயல்வெளிக்கும் எந்த நாளில் தண்ணீர் திறப்பது, எந்த நாளுக்குள் விதைப்பது என்று அங்கேதான் முடிவாகும். அந்தக் கூட்டக் குறிப்புகளை வருடக்கணக்காக நான் அடித்திருக்கிறேன். நாள் முடிவாகாமல் எவரும் எழும்பக் கூடாது, பெரிய நிலக்காரரான போடியாரும்தான். வாய்க்காலின் கடைசி வயல்காரர் முதலில் கதைப்பார். மதகைத் திறந்ததும் தண்ணீர் கொடுத்தாயிற்று என்று, தண்ணீர் பங்கிடும் வட்டை விதானை எழுத முடியாது. என் வரம்பு நனைந்தது என்று கடைசி வயல்காரர் வந்து சொல்லவேண்டும்.

அதே மண்டபத்துக்கு மூவரையும் வரச் சொன்னேன். இராணுவக் காரியத்தில் தட்டச்சுக்காரிக்கு என்ன வேலை என்று எங்கள் கந்தோர்ப் பெரியவர் முணுமுணுத்தார். கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். மூன்று வரைபடத்தையும் ஒரே மேசையில் ஒட்டி வைத்தேன். நீந்தி வந்தவரை முதல் வாங்கில் உட்காரவைத்து, அவர் சொன்னதை வரிக்கு வரி சிங்களத்தில் சொன்னேன். பாலத்தடியிலிருந்து களப்புக்குள்ளால் தோணி போகும், ஆனால் நீரோட்டம் கடுமை, துடுப்பு போதாது என்றார். தோணிகளை இயந்திரப் படகால் இழுக்கலாம் என்றார் லெப்டினன்ட். மணல்மேடு எங்கே உடைந்திருக்கிறது, எங்கே மரம் மிதக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல ஹெலி ஒத்துக்கொண்டது. விமானப்படையின் கருவி ஒன்றைப் படகில் ஏற்றவும் சம்மதித்தார்கள்.

யார் தலைமை என்பதில்தான் கூட்டம் இழுபட்டது. மேஜருக்குப் பதவி பெரிது. லெப்டினன்டுக்குத் தண்ணீர் தெரியும். ஒரு மதகுப் பூட்டுக்கு இரண்டு பேர் திறப்பு வைத்திருக்க முடியாது என்றேன். கடைசியில் தண்ணீர் விளிம்புவரை மேஜர், அதற்கப்பால் லெப்டினன்ட் என்று முடிவாயிற்று. மேஜர் என்னைப் பார்த்து, இந்தப் படை நடவடிக்கையை நடத்துவது தானா, இல்லை இந்த மிஸ்ஸா என்று கேட்டார். பாதி கேலி, பாதி கோபம். எனக்கும் கோபம் வரும். நீந்தி வந்தவரைக் கையால் காட்டினேன்.

“திட்டம் உங்களுடையது, சேர். முடிந்தது என்று சொல்வது மட்டும் இவருடையது.”

மேஜர் லொறிகளைக் கூப்பிடச் சொன்னார்.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டோம். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே என்று நானும் படகில் ஏறினேன். எனக்கு நீந்தத் தெரியாது. தலைக்கு மேலே ஹெலி இரைய, கருவியில் வந்த சொல்லுக்குப் படகு வளைந்து வளைந்து போக, பின்னால் ஏழு தோணி அரிசியோடு வந்தது. பெருமையில் எனக்குப் பயம் மறந்துபோயிற்று. மூன்று படையும் ஒரே சொல்லுக்கு அசைந்தன, அந்தச் சொல்லைச் சுமந்துபோனவள் நான். இதை இன்றைக்கும் கூச்சமில்லாமல் சொல்லுவேன்.

திட்டில் மூட்டைகளை இறக்கினார்கள். இன்னும் இரண்டு ஊர் காத்திருந்ததால் லெப்டினன்ட் அவசரப்பட்டார், பட்டியலில் நீந்தி வந்தவரின் கையெழுத்தை வாங்கும்படி என்னை நெருக்கினார். அந்த மனிதர் பேனையைத் தொடவில்லை. பொறுங்கள் என்று சொல்லிவிட்டு மணலில் நடந்து போனார். அடுப்புகள் புகைந்தன. லெப்டினன்ட் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். கடைசிக் குடிசைவரைக்கும் போய், ஒவ்வொரு வாசலிலும் குனிந்து பார்த்து, வெயில் சாயும் அஸர் நேரத்தில்தான் அவர் திரும்பி வந்தார்.

“எல்லாரும் திண்டாச்சு. இப்ப எழுதுங்க.”

பேனையைக் கொடுத்தேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

“நீங்க திண்டீங்களா, காக்கா?”

“இதுக்குப் பொறகு திம்பன்.”

படகின் இயந்திரத்தை அதற்குள் முடுக்கியாயிற்று. அந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று லெப்டினன்ட் என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அப்படியானால் இன்னும் முடியவில்லை” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

யாரோ ஒரு பீங்கானில் சோறு கொண்டுவந்தார்கள். அந்த மனிதர் எங்களுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்தார். அவர் தின்று முடித்துக் கை கழுவும்வரை கடற்படைப் படகு கரையிலேயே நின்றது.